ஒப்பீட்டு ஊர்

பூவா தலையா போட்டது நான்.
கணினியில்தான்; ஆனாலும் போட்டது நான்.
ஜிந்தேர் நகரத்து விடுதியில்
மின்விசிறி நின்றுபோன ஓர் இரவில்
நாற்பது ஊர்ப் பெயர்களை நிரலுக்குள் உதிர்த்தேன்.
இருபதுக்குப் பணம்.
இருபதுக்குக் கேள்விகள்.

குர்மின் கூரா இரண்டாவதில் விழுந்தது.
கழுதைப்புலித் தோப்பு என்று அர்த்தமாம், சூலே சொன்னான்.
போய்ப் பார்த்தால் தோப்பும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை.
மண்சுவர், கம்பங்கொல்லை,
கயிறு அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்த கிணற்று விளிம்பு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
சூலே மோட்டார் சைக்கிளில் போவான்.
வீட்டு எண் இருபத்து மூன்று, ஹஜ்ஜோ.
வயது முப்பது என்று எழுதிக்கொண்டோம்.
அவள் சொன்னதென்னவோ
"வெட்டுக்கிளி வந்த வருஷம் பால் குடித்துக்கொண்டிருந்தேன்."
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் இறைச்சி?
குதிரில் கம்பு எத்தனை படி மிச்சம்?
பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று
நீங்கள் சாப்பிடாமல் படுத்தது உண்டா?
தெரியாது என்றால் தொண்ணூற்றொன்பது.
இரண்டரை மணி நேரம் இப்படி.
முடிவில், அவள் நேரத்துக்கு ஈடாக,
நீல உறையில் ஒரு சோப்புக் கட்டி.
அதற்கு மேல் கொடுத்தால்
ஒப்பீடு கெட்டுவிடும்.

பதினெட்டு சதவீதம் வந்தது.
பணம் போன ஊருக்கும் போகாத ஊருக்கும் இடையில்
மூன்று நட்சத்திரம் ஒட்டிய எண்.
அதன்மேல் கால் வைத்து ஏறித்தான்
லூவனில் பேராசிரியை ஆனேன்.
அமைச்சர்கள் தலையாட்டினார்கள்.
வீடு வாங்கினேன், கொல்லையில் பேரிமரம்.
ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு
ஒற்றைத் தட்டுத் தராசு என்பேன்,
மாணவர்கள் குனிந்து எழுதிக்கொள்வார்கள்.

பதினாறு வருஷம் கழித்துப் போனேன்.
சூலேக்குத் தாடி நரைத்திருந்தது.
கிணற்றுக்கு எதிரே தகரக் கூரைக் கடை:
சோப்பு, தீப்பெட்டி, தேயிலை, மறுபடி சோப்பு.
கல்லாவில் ஹஜ்ஜோ.

"உன் ஆள் வீடு வீடாகச் சோப்பு கொடுத்தானே,
பசிக்கிற மாசத்தில் யாருக்கு வேணும் அந்த வாசனை?
கட்டிக்கு ஒரு கிண்ணம் கம்பு கொடுத்து வாங்கினேன்.
மகாரியா சந்தையில் விற்றேன்.
ஐந்தாவது தடவை வந்தபோது
வியாபாரம் உண்டா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
உண்டு என்றால் சோப்பு நின்றுபோகுமே."

சூலே வானத்தைப் பார்த்தான்.
நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்:
இந்த ஊரும் கொஞ்சம் ஏறியிருந்தால்
வித்தியாசம் சுருங்கித்தான் தெரிந்திருக்கும்,
உண்மையான எண் பதினெட்டைவிடப் பெரிது,
ஆக நான் சொன்னது சரி, முன்பைவிடச் சரி.
இந்த நினைப்பு வந்த வேகம்
எனக்கே கூசியது.

"அந்த ஊர்க்காரிகளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?"
மாதம் இருபதாயிரம் பிராங்க், பதினெட்டு மாதம்.
விரல் மடக்கினாள். நான் கைபேசியை எடுப்பதற்குள்
"மூன்று லட்சத்து அறுபதாயிரம்" என்றாள்.
பிறகு, "ஏன் அவர்களுக்கு?"

முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்வி எழுதியவள் நான்.
இது அதில் இல்லை.
பூவா தலையா என்றேன்.
ஹௌசாவில் அதை எப்படிச் சொல்வதென்று சூலே திணறினான்,
கடைசியில் என்னிடமே ஒரு நாணயம் வாங்கிச்
சுண்டிக் காட்டினான்.

அந்தரத்திலேயே பிடித்தாள்.
இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்,
கல்லாவில் போட்டாள்.
நீல உறைச் சோப்பு ஒன்றை என் பக்கம் நகர்த்தி,
"நூறு வந்துவிட்டது,
இன்னும் இருநூறு" என்றாள்.